மூத்தவளின் ஐந்து நகல்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தின் பின்னறையில் இருந்தவர்களின் விவரம் வருமாறு.

ஜன்னலோர வரிசையில் முதல் மேசை: கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மேசை: லாரி டிரைவர். மூன்றாவது: ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், டியூட்டி முடித்து நேராக வந்தவள், காலில் இன்னும் வெள்ளைச் செருப்பு. எதிர் வரிசையில் முதல் மேசை: மில் வாட்ச்மேன். அதற்கடுத்த இரண்டு மேசைகளில் சலவைக்கடை நடத்தும் அக்காவும் தங்கையும், எப்போதும் போல முழங்கை இடிக்க. கதவுக்குப் பக்கத்தில், நூலகத்தில் இருக்கும் ஒரே மெத்தை வைத்த நாற்காலியில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர். அவருக்குப் பின்னால் நூலகர், உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டு. சுவிட்ச்போர்டுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவள், கடைத்தெருவில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிறவள். திருகு கழற்றும் திருப்புளி கையில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் ஊருக்கே அவள் திருப்புளி.

மூலையில், பீரோவை ஒட்டிய சின்ன மேசையில், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் அந்த அறையின் பொறுப்பாளர். திருப்புளியின் அண்ணி. எதையும் வாயால் சொல்லி முடிக்கத் தெரியாதவள், எல்லாவற்றையும் எண் போட்டுக் கடிதமாக எழுதுகிறவள். மின்விசிறி சத்தம் போட்டாலும் கடிதம், சத்தம் நின்றாலும் நன்றிக் கடிதம். வீட்டில் புருஷனுக்குச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு வரும் சீட்டில்கூட '1. கேஸை மூடவும். 2. மூடியதை மறுபடி பார்க்கவும்' என்று இருக்கும். அவளைக் கடுதாசியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு மட்டும் தேதியோடு நினைவிருந்தது.

ஆட்களைச் சொன்ன பிறகு கணினிகளையும் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு. எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. கப்பல்காரர் முன்னால் இருந்தது பெரியவர். ஆறிலும் வயது கூடியது. டிரைவர் முன்னால் இருந்தது சளிக்காரன். உள்ளே விசிறி சுற்றும்போது நெஞ்சுச்சளிக்காரர் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். நர்சுக்கு வாய்த்தது மாமியார். எழுப்பினால் மூன்று தடவை கத்தாமல் வேலையைத் தொடங்காது. வாட்ச்மேனுடையது தூங்குமூஞ்சி. இதற்கு விளக்கம் தேவையில்லை, வாட்ச்மேனும் இதைப் பற்றி யாரும் பேசுவதை விரும்புவதில்லை. சலவைக்கடைச் சகோதரிகளுக்கு முன்னால் இருந்தவை ஒரே நாளில் ஒரே வண்டியில் வந்திறங்கிய இரண்டு. முதலில் இறக்கியது மூத்தவள், அடுத்தது இளையவள்.

இவ்வளவு பேரும் வெள்ளிக்கிழமை காலையில் கூடியதற்குக் காரணம், நாலு வாரத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதம். அந்தக் கணினிகளில் ஓடிய இயங்குதளத்துக்கு இனி ஆதரவு கிடையாது, பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, ஆகவே மாதக் கடைசிக்குப் பிறகு அவற்றை இணையத்தில் இணைக்கக் கூடாது. புதுக் கணினிகள் இந்த வருடம் இல்லை. அறையை மூடிச் சாவியை ஒப்படைக்க வேண்டும், கணினிகளை எடைக்குப் போட லாரி வரும், பொறுப்பாளர் பண்டகசாலைக்கு மாற்றப்படுவார்.

கடுதாசியக்கா அதை மூன்று முறை படித்தாள். முதல் முறை செய்திக்காக, இரண்டாம் முறை பிழைக்காக, மூன்றாம் முறை எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. இடம் இருந்தது. 'ஆதரவு அற்ற இயங்குதளம் உள்ள கணினிகள்' என்றுதான் எழுதியிருந்தார்களே தவிர, பழைய கணினிகள் என்று எழுதவில்லை. குற்றம் இயங்குதளத்தின் மேல்தான்.

முதலில் அதே நிறுவனத்தின் புதிய பதிப்பையே போட்டுப் பார்த்தாள். ஆறு கணினியும் ஒரே பதிலைச் சொல்லின: 'உங்கள் கணினி இதற்குத் தகுதி பெறவில்லை.' இந்த வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடமாக ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களை அனுப்பியவற்றுக்கு, வேலை நியமன ஆணை முதல் கண் ஆபரேஷன் தேதி வரை வாங்கிக் கொடுத்தவற்றுக்குத் தகுதி இல்லையாம். அந்த அறை திறந்த முதல் நாளன்று கப்பல்காரர் மவுஸைக் கையில் தூக்கி, டிவி ரிமோட்டைப் பிடிப்பது போலத் திரையை நோக்கி நீட்டி அழுத்திக்கொண்டே இருந்தார். இன்றோ, தான் கடைசியாக வேலை பார்த்த கப்பல் எந்தக் கடலில் எத்தனை வேகத்தில் போகிறதென்று தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஊரில் வேறெங்கும் அவருக்கு அதைக் காட்ட ஆளில்லை. அந்த அறை மூடினால் அவருடைய கப்பல் மூழ்கிய மாதிரிதான்.

அன்று மாலையே பதில் போட்டாள். பழைய கணினிகளிலும் ஓடக்கூடிய, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. அதற்குத் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றன. அதை ஆறிலும் நிறுவ அனுமதி வேண்டும். மூன்று வாரம் அவகாசம் வேண்டும். இது நாலு. ஐந்தாவதாக எழுதினாள்: 'ஆய்வின்போது ஆறில் ஒன்று இயங்காவிட்டாலும், அறையை நானே பூட்டிச் சாவியை ஆய்வாளரிடம் ஒப்படைப்பேன்.'

நூலகர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து வரும் தபாலை உறை பிரிக்கும் முன்னாலேயே எழுந்து நின்றுவிடும் சுபாவம், அவ்வளவுதான்.

"நாலோட நிறுத்தியிருக்கலாமேம்மா."

"நாலு வரைக்கும் கேக்கறது சார். அஞ்சாவது குடுக்கறது. ஒண்ணும் குடுக்காம கேட்டா யாரு தருவாங்க?"

அனுமதி வந்தது. ஐந்தாவது எண்ணுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

நூலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முதல் திங்களன்று திருப்புளி தன் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து ஆறு பெட்டிகளையும் திறந்தாள். உள்ளே பதினோரு வருடத் தூசி, கம்பளி மாதிரி மடிந்து கிடந்தது. சளிக்காரனின் விசிறியிலிருந்து உருண்டையாக ஒன்றை எடுத்து, "அண்ணி, இதுதான் சளி" என்று மேசையில் வைத்தாள். நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். ஏற்கெனவே செத்துப்போய்ப் பீரோவுக்குப் பின்னால் கிடந்த இரண்டு கணினிகளிலிருந்து அதே பட்டைகளைப் பிடுங்கித் தூங்குமூஞ்சிக்கும் பெரியவருக்கும் கூடுதலாகச் செருகினாள். ஆறிலும் கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது. அதனால்தான் தினமும் எழுந்தவுடன் பல வருடத்துக்கு முந்தைய தேதியைக் காட்டி, தேதி பொருந்தவில்லையென்று பாதி இணையப் பக்கங்கள் திறக்க மறுத்துக்கொண்டிருந்தன. அது தராசிலும் போடுகிற பேட்டரிதான். திருப்புளி சட்டைப் பையிலிருந்து ஆறை எடுத்துப் போட்டாள்.

இரண்டாம் திங்களன்று, பென்டிரைவில் இறக்கி வைத்திருந்த புதுச் சிஸ்டம் முதன்முதலாக மூத்தவளில் ஏறியது. கடுதாசியக்கா இணையத்தில் கிடைத்த உதவிக் குறிப்புகளையெல்லாம் முன்கூட்டியே அச்செடுத்து, துளை போட்டு, கோப்பில் கோத்து, பக்க எண் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு படியையும் வாசிப்பாள், செய்வாள், பக்கத்தில் டிக் போடுவாள். முக்கால் மணி நேரத்தில் நீலநிறத் திரை ஒன்று மலர்ந்து நின்றது. தட்டினால் திறந்தது. எழுத்துரு, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து மாலைக்குள் மூத்தவளை மணப்பெண் மாதிரி அலங்கரித்துவிட்டாள். பழைய சிஸ்டத்தில் இருந்ததைவிட வேகமாகவே ஓடியது.

பெரியவரிடம் போனபோதுதான் சிக்கல். பென்டிரைவிலிருந்து எழுந்துகொள்வது என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை, அவர் காலத்தில் அந்த வழக்கம் கிடையாது. திருப்புளி யோசித்துவிட்டு, பெரியவரின் வன்தட்டை, எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்கை, கழற்றி மூத்தவளின் வயிற்றில் மாட்டினாள். அங்கேயே வைத்து மூத்தவளை அப்படியே அச்சு அசலாக இதில் நகலெடுத்து, திரும்பப் பெரியவரில் மாட்டினால் தீர்ந்தது என்றாள்.

நகல் என்ற சொல்லைக் கேட்டதும் கடுதாசியக்காவின் முகம் மலர்ந்தது. சின்ன ஊர்ப் பள்ளியில் படித்த காலத்திலிருந்து நகலெடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புள்ளி பிசகாது. பெரியவர் எழுந்து, அதே நீலத் திரையை, அதே அலங்காரத்தோடு காட்டியதும் அவள் தீர்மானித்துவிட்டாள்: மற்ற நாலையும் இப்படியே செய்வது. மூன்றாம் திங்கள் முழுக்க அதுதான் வேலை. திருப்புளி கழற்றுவாள், மாட்டுவாள், அண்ணி நகலெடுப்பாள்.

பிறகு செவ்வாய் முதல் வியாழன் வரை, வாசகர்களை அறைக்குள் விடாமல் சோதனை. பன்னிரண்டு அம்சம் கொண்ட படிவம் ஒன்று தயாரித்தாள். பெரியவரை எழுப்புவாள், பன்னிரண்டையும் பார்ப்பாள், டிக் போடுவாள், கையெழுத்திடுவாள், பெரியவரை அணைப்பாள். அப்புறம்தான் சளிக்காரன். ஒன்றை முடித்து மூடாமல் இன்னொன்றைத் தொடுவது அவள் பழக்கத்திலேயே இல்லை. வியாழன் மதியம் எழுபத்திரண்டு டிக்குகள் கைவசம் இருந்தன. அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

இப்படித்தான் வெள்ளிக்கிழமை பத்து மணி வந்தது.

ஆய்வாளருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசாதவர். மடியில் ஒரு அட்டை, அதில் படிவம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கணினியைப் போட வேண்டும், மத்திய நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் திறக்க வேண்டும், ஆளுக்கொரு புத்தகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், அது போய்ச் சேர்ந்ததென்று பதில் வர வேண்டும் என்றார். அவ்வளவுதான் சோதனை.

ஆறு விரல்கள் ஆறு பொத்தான்களை அழுத்தின. மாமியார் மூன்று தடவை கத்தினாள். நர்ஸ், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றாள், ஆய்வாளரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு நீலத் திரைகள் மலர்ந்தன. நூலகர்கூட ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"அக்கா, எனக்குப் பக்கம் போயிடுச்சு" என்றார் டிரைவர்.

நர்சுக்குப் பாதி வந்து நின்றுவிட்டது. சலவைக்கடை அக்காவுக்கு வந்தவுடன் தங்கைக்கு நின்றுபோனது. தங்கைக்குத் திரும்பி வந்தபோது வாட்ச்மேனுக்குப் போனது. டிரைவருக்கு வந்து, அவர் நிமிர்ந்து சொல்வதற்குள் மறுபடி காணாமல் போனது. குழாயடியில் ஒரே குடத்துக்கு ஆறு பேர் கை நீட்டுவது மாதிரி, இணையம் ஒரு மேசையில் நிற்காமல் கைமாறிக்கொண்டே இருந்தது.

ஆய்வாளர் குனிந்து ஏதோ எழுதினார். நூலகர் சாவிக்கொத்தை எடுத்து, பின்னறைச் சாவியை வளையத்திலிருந்து மெதுவாகத் திருகிக் கழற்ற ஆரம்பித்தார். அந்தச் சின்னக் கிறீச்சொலி கடுதாசியக்காவின் காதில் மட்டும் பெரிதாக விழுந்தது. ஐந்தாவது எண். தன் கையாலேயே எழுதியது.

திருப்புளி அதற்குள் மேசைகளுக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு கேபிளாக ஆட்டிப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஒயர்ல குத்தமில்ல அண்ணி. ஆறு ஒயரும் போய்ச் சேர்ற நடுப்பெட்டியிலயும் ஆறு விளக்கும் எரியுது. ஒவ்வொண்ணா போட்டப்ப ஓடுச்சுல்ல?"

ஒவ்வொன்றாக. அந்தச் சொல்லைக் கடுதாசியக்கா பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாக இருந்தபோது நன்றாக இருந்தது, சேர்ந்து உட்கார்ந்ததும்தான் சண்டை. வீட்டிலாகட்டும் கணினியிலாகட்டும், சேர்ந்து இருக்கும்போது சண்டை வந்தால், ஒரே பொருளை இரண்டு பேர் எனது என்று சொல்கிறார்கள் என்று அர்த்தம். அவள் எழுந்து நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. திரையின் வலது மூலையில் இரண்டு அம்புக்குறி போட்ட படத்தைத் தட்டி, அதில் கடைசியாக வரும் எண்ணை மட்டும் ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னாள். இந்தக் கட்டடத்துக்குள் ஒவ்வொரு கணினிக்கும் நடுப்பெட்டி ஒதுக்கும் முகவரி எண் அது.

"நாப்பத்தொண்ணு" என்றார் கப்பல்காரர்.

"நாப்பத்தொண்ணு" என்றார் டிரைவர்.

நர்ஸ் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கும் நாப்பத்தொண்ணுதான்க்கா" என்றாள்.

வாட்ச்மேன் நாற்பத்தொன்று என்றார். சலவைக்கடைச் சகோதரிகள் ஒரே குரலில் நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

கடுதாசியக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் ஆறு கணினி தயாரிக்கவில்லை. ஒரு மூத்தவளையும் அவளுக்கு ஐந்து நகல்களையும் தயாரித்திருந்தாள். புள்ளி பிசகாமல் எடுத்த நகலில், மூத்தவள் தன்னை யாரென்று நடுப்பெட்டியிடம் சொல்லிக்கொள்ளும் அடையாளமும் புள்ளி பிசகாமல் வந்திருந்தது. பெரியவர் போய் நான் மூத்தவள் என்கிறார், சளிக்காரன் போய் நான் மூத்தவள் என்கிறான். நடுப்பெட்டி பாவம், நம்பி எல்லோருக்கும் ஒரே கதவு எண்ணைக் கொடுத்துவிட்டது. தனியாக இருந்தவரை எந்தக் கணினியும் மூத்தவளாக இருந்துவிட்டுப் போகலாம். ஆறு மூத்தவள்கள் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

இதைச் செய்தது வேறு யாராவதாக இருந்திருந்தால் அவளே சிரித்திருப்பாள். பதினோரு வருடத்தில் அந்த அறையிலிருந்து ஒரு கடிதம்கூடத் தனி எண் இல்லாமல் வெளியே போனதில்லை. ஒரே சுற்றறிக்கையை ஆறு பேருக்கு அனுப்பினாலும் ஆறு அனுப்புகை எண். நகலுக்கும் எண் வேண்டும் என்று நூலகரிடமே சண்டை போட்டவள் அவள்.

நேராகப் பீரோவுக்குப் போனாள். கோப்பை எடுத்தாள். விரல் தயங்காமல் 'இதர' என்ற பிரிவைத் திறந்தது. பக்கம் முப்பத்தேழு. 'ஒரு வன்தட்டைப் பல கணினிகளுக்கு நகலெடுத்தால், ஒவ்வொன்றிலும் பின்வருவனவற்றைச் செய்யவும்.' நாலு வரி. அச்செடுத்த நாளில் நகலெடுக்கும் எண்ணமே இல்லாததால் 'இதர'வில் கோத்தது. அப்புறம் நகலெடுத்தபோது 'இதர'வைத் திறக்கவில்லை.

தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆய்வாளரின் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு கணினியோடது இல்ல சார், என்னோடது. ஆறுக்கும் ஒரே அடையாளத்தக் குடுத்துட்டேன். நாலு வரி அடிச்சு, அணைச்சுப் போட்டா சரியாயிடும். நேரம் குடுப்பீங்களா, இல்ல சாவி வேணுமா?"

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது.

"என்னை ஏத்திக்க வண்டி பதினொன்னரைக்கு வரும். அதுவரைக்கும் நான் இந்தப் பேனாவ மூடப் போறதில்ல. அதுக்குள்ள என்ன நடக்குதோ அது ரிப்போர்ட்ல வரும்."

ஒவ்வொரு கணினியாக அவளே போய் அடித்தால் நேரம் போதாது. பெரியவர் அணைந்து எழுவதற்கே ஏழெட்டு நிமிடம் வேண்டும். திருப்புளியையும் சேர்த்தால் இரண்டு பேர். அவள் அறையைப் பார்த்தாள். அறையில் ஆறு பேர் ஆறு விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறு மேசைக்கும் போய், இடது கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை மட்டும் தானே அடித்தாள். கறுப்புக் கட்டளைப் பெட்டி ஒவ்வொரு திரையிலும் திறந்தது. பிறகு நடுவில் வந்து நின்று, பள்ளியில் டிக்டேஷன் கொடுப்பது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். சின்ன எழுத்து, இடைவெளி, சாய்கோடு, மறுபடி சின்ன எழுத்து. யாரும் முந்தக் கூடாது, யாரும் பிந்தக் கூடாது, அடித்ததைத் திரும்பப் படித்துக் காட்டிய பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். முதல் வரி பழைய அடையாளத்தை அழித்தது. இரண்டாவது வரி புது அடையாளம் ஒன்றை உண்டாக்கியது.

சலவைக்கடைத் தங்கை சாய்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா எட்டிக் கைவைக்கப் போனாள். "உன் மெஷினப் பாரு" என்று தங்கை கையைத் தட்டிவிட்டாள். கப்பல்காரர் ஒற்றை விரலால் அடித்தார். அந்த விரல் மேலே தூக்கி, வட்டமிட்டு, இடம் பார்த்து இறங்கும்வரை மற்ற ஐந்து பேரும் மூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள். ஆனால் அவர் ஓர் எழுத்தைக்கூடத் திரும்ப அழிக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வரி, பெயர். ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயர் வைக்க வேண்டும், ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் கேட்டாள்.

"அக்கா, மாமியார்னே போடவா? இல்ல மரியாதையா அத்தைன்னு போடவா?"

"கூப்பிடற பேரையே போடு."

"வீட்டுல தெரிஞ்சா என் கதை முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் அடித்தாள். வாட்ச்மேன் தூங்குமூஞ்சி என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்துவிட்டு, முதல் ஆளாகக் கையை எடுத்தார். நாலாவது வரியில் ஆறும் அணைந்தன.

அணைந்து எழும் அந்த நேரம்தான் நீளமாக இருந்தது. திருப்புளி பெட்டியில் உட்காரவில்லை, நின்றபடியே திருப்புளியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள். சகோதரிகளின் இரண்டும் முதலில் எழுந்தன. சளிக்காரன் இருமாமல் எழுந்தான். மாமியார் மூன்று தடவை கத்தினாள், இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தூங்குமூஞ்சி வந்தான். பெரியவரின் திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பதினொன்று ஐந்து. கப்பல்காரர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் வைத்த உலை கொதிக்கக் காத்திருக்கிறவர் போல அமைதியாக உட்கார்ந்திருந்தார். "இது எப்பவும் எட்டு நிமிஷம் எடுத்துக்கும் தங்கச்சி" என்றார்.

எட்டாவது நிமிடத்தில் நீலத் திரை வந்தது.

கடுதாசியக்கா மறுபடி எண்களைக் கேட்டாள். கப்பல்காரர் நாற்பத்தேழு என்றார். டிரைவர் நாற்பத்துநாலு. நர்ஸ் நாற்பத்தைந்து. வாட்ச்மேன் நாற்பத்தாறு. சலவைக்கடை அக்கா நாற்பத்திரண்டு, தங்கை நாற்பத்துமூன்று. ஆறு பேர் ஆறு எண் சொன்னதில் அப்படி என்ன சந்தோஷம் இருக்க முடியுமென்று வெளியாள் கேட்கலாம். அந்த அறையில் இருந்தவர்கள் லாட்டரிச் சீட்டு முடிவைக் கேட்பது போலக் கேட்டார்கள்.

பட்டியல் ஆறு திரையிலும் திறந்தது, திறந்தபடியே நின்றது. ஆளுக்கொரு புத்தகத்துக்கு விண்ணப்பம் போனது. ஆறு பதிலும் வந்தன. ஆய்வாளர் எழுந்து மேசை மேசையாகப் போய், ஒவ்வொரு திரையிலும் இருந்த கணினியின் பெயரைப் பார்த்துத் தன் படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பெரியவர், இயங்குகிறது. சளிக்காரன், இயங்குகிறது. மாமியாரிடம் வந்தபோது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதையும், முகம் மாறாமல், உள்ளபடியே எழுதினார்.

"இதே மாதிரிப் பழைய மெஷின் இன்னும் நாப்பத்திரண்டு கிளையில இருக்கு" என்றார் உட்கார்ந்தபடி. "எல்லாத்துக்கும் லாரி சொல்லியாச்சு."

"என் லாரி வராது" என்றார் டிரைவர்.

ஆய்வாளர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு கடுதாசியக்காவிடம் திரும்பினார். லாரியைத் தான் நிறுத்திவைப்பதாகவும், ஒரு மாதத்துக்குள் மற்றக் கிளைக்காரர்களும் இதைச் செய்ய முடியுமா என்று தலைமை அலுவலகம் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். படித்தால் செய்யத் தெரிகிற மாதிரி ஒரு குறிப்பு வேண்டும், அவள் கையெழுத்தோடு.

"இன்னிக்கு நடுவுல நடந்தத எழுத வேண்டியதில்ல மேடம். என் ரிப்போர்ட்ல ஆறும் இயங்குதுன்னுதான் இருக்கும். உங்களுக்கு எதுக்கு வீணா."

வண்டி வந்து ஆய்வாளர் போன பிறகு நூலகர் சாவியை மறுபடி வளையத்தில் மாட்டினார். கழற்றியபோது ஆனதைவிட அதிக நேரம் ஆயிற்று. மாட்டி முடித்ததும், மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கடுதாசியக்காவின் சின்ன மேசைக்கு முன்னால் போட்டார். அவள் வேண்டாமென்று சொல்லப் பார்த்தாள். அவர் அதற்குள் வெளியே போய்விட்டார்.

அவள் அதில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எதிரே கப்பல்காரர் தன் கப்பலைத் தேடிப் பிடித்திருந்தார். ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. எழுத எழுத மதியம் சரிந்தது. தூசி தட்டுவது ஒன்று, பேட்டரி இரண்டு, ரப்பரால் தேய்ப்பது மூன்று. ஒன்பதாம் எண்ணுக்கு வந்தபோது பேனா சிறிது நின்று, பிறகு மற்ற எண்களைவிட நீளமாக ஓடியது. திருப்புளி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'9. ஒரு கணினியைச் சரிசெய்து அதை மற்றவற்றுக்கு நகலெடுக்கலாம். நகலெடுத்தபின் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளமும் தனிப் பெயரும் கட்டாயம் கொடுக்கவும். எல்லாக் கணினிகளையும் ஒருசேரப் போட்டுச் சோதிக்கவும். இக்கடிதம் எழுதுபவர் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுபத்திரண்டு டிக் போட்டு, ஆய்வாளர் முன்னிலையில் தவறினார். அறையில் இருந்த ஆறு வாசகர்கள் தங்கள் கையால் தட்டச்சு செய்து அத்தவறைத் திருத்தினார்கள்.'

"அவரே எழுத வேண்டாம்னுட்டுப் போறாரு. உனக்கென்ன அண்ணி, சும்மா கிடக்கறத எடுத்து நாப்பத்திரண்டு ஊருக்குத் தண்டோரா போடற?"

"நாப்பத்திரண்டு ஊர்லயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாடி. நல்லா நகலெடுக்கத் தெரிஞ்சவ. அவ சாவியக் குடுக்கற நிலைமைக்கு வரக் கூடாது."

திருப்புளி கடைசி வரியைக் காட்டி, வாசகர்கள் ஆறு பேர் சரி, வயிற்றைக் கிழித்து மாட்டினவளைப் பற்றி ஒரு வரியையும் காணோமே என்று கேட்டாள். கடுதாசியக்கா தாளைத் திருப்பிக் காட்டினாள். பதினாலாம் எண்ணில் இருந்தது: 'கழற்றி மாட்டும் வேலைகள் அனைத்தும் என் நாத்தனார் செய்தவை. அவற்றில் பிழை ஏதும் இல்லை.' திருப்புளி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய், சளிக்காரனின் மூடியில் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை மறுபடி இறுக்கினாள்.

கடிதத்தை மூத்தவளில் தட்டச்சு செய்து, நாற்பத்திரண்டு படி அச்செடுத்தாள். தலைமை அலுவலகத்துக்குத் தனியாக ஒன்று. அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்து, நாற்பத்துமூன்றுக்கும் நாற்பத்துமூன்று எண் போட்டாள். ஒரு எண்கூட இரண்டு முறை வரவில்லையென்று விரல் வைத்து மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, நூலக முத்திரையைக் குத்தி, மடித்து உறையில் போட்டாள். ஒட்டும் வேலையைச் சலவைக்கடைச் சகோதரிகள் ஏற்றுக்கொண்டார்கள்; மடிப்பைத் தேய்ப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. தபால் எடுக்க வந்த ஊழியர் கட்டைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார்.

"அதுக்கும் மேல" என்றார் கப்பல்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைமை அலுவலகத்துக்கான உறையைக் கடுதாசியக்கா தானே ஒட்டினாள். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்து, பதிவேட்டில் கடைசி எண்ணுக்கு எதிரே 'அனுப்பப்பட்டது' என்று எழுதிவிட்டு, அதைப் பையின் மேலாக வைத்தாள். ஊழியர் பையின் வாயைச் சுருக்குப் போட்டு இறுக்கி, தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.